சுவரொட்டியில் சிப்பாய், கணக்கேட்டில் சுமை!

தேர்தல் வந்துவிட்டால் பட்டாளத்துக்காரனுக்குத் தனி மவுசு. சுவரொட்டியில் அவன் படம், மேடையில் அவன் பெயர், தேர்தல் அறிக்கையில் அவனுக்கு ஒரு வணக்கம். 2014, 2019, 2024 ஆகிய மூன்று நாடாளுமன்றத் தேர்தல்களிலும் பாரதிய ஜனதா கட்சி தன்னைச் சிப்பாயின் கட்சி என்றே சொல்லிக்கொண்டது. "தேசப் பாதுகாப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் தேசத் துரோகி!

தோழர்களே, நாம் கேட்போம். செலவாவது நம் வரிப்பணம். எல்லையில் நிற்பது நம் பிள்ளைகள். கிர்க்கியிலும் தேகு ரோட்டிலும் பட்டாளத்தையும் தளவாடத் தொழிற்சாலையையும் நம்பித் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! கணக்குக் கேட்க நமக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

இராணுவத்துக்குச் செலவு செய்யலாமா, கூடாதா என்பது இங்கே நம் கேள்வி அல்ல. நாட்டுக்குக் காவல் வேண்டும். அதை மறுப்பவர் எவருமில்லை. அந்தச் செலவில் மனிதனுக்குப் போவதை மட்டும் "சுமை" என்று சொல்லி வெட்டுவது ஏன் என்பதே நம் கேள்வி.

சொன்னது என்ன?

2013 செப்டம்பர் 15. பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாள், நரேந்திர மோடி அரியானாவின் ரேவாரியில் முன்னாள் படைவீரர் கூட்டத்தில் பேசினார். "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" என்ற கோரிக்கையை அங்கே கையிலெடுத்தார். ஒரே பதவியில் ஒரே கால அளவு உழைத்தவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே பென்ஷன் என்பது அதன் பொருள். 2014 தேர்தல் அறிக்கையிலும் அது இடம்பெற்றது.

ஆட்சி வந்தது; பென்ஷன் வரவில்லை. 2015 ஜூனில் முதிய வீரர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்திய நாள், மார்பில் பதக்கம் குத்திய கிழவர்களை அப்புறப்படுத்தப் போலீஸ் வந்தது. நாடே முகம் சுளித்தது. அதன் பிறகே செப்டம்பர் 5இல் அறிவிப்பு, நவம்பர் 7இல் ஆணை. ஆண்டுதோறும் சமன்செய்ய வேண்டும் என்று வீரர்கள் கேட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றுதான் கொடுத்தார்கள். கொடுத்ததை மறுக்கவில்லை. ஆனால் அது தெருவில் உட்கார்ந்து வாங்கியது. தானாகக் கனிந்து விழுந்த பழம் அல்ல.

2019 தேர்தல் அறிக்கையில் இன்னொரு வாக்குறுதி. சிப்பாய் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவன் மறுவாழ்வுக்கான திட்டமிடல் தொடங்குமாம். தொழிற்பயிற்சி, மேற்படிப்பு, வீடு, சொந்தத் தொழில் எல்லாவற்றுக்கும் துணை நிற்பார்களாம். கேட்கக் காது குளிர்கிறது. "நான்கு ஆண்டுதான் வேலை, பிறகு பென்ஷன் இல்லாமல் வீட்டுக்குப் போ" என்று அந்த அறிக்கையில் ஒரு வரியாவது இருந்ததா? இல்லை. ஓட்டுக் கேட்கும்போது சொல்லாததை, ஓட்டு வாங்கிய பிறகு செய்தார்கள்.

செய்தது என்ன?

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கொரோனாவைக் காரணம் காட்டி இரண்டு ஆண்டு இராணுவ ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். காத்துக் காத்து வயது கடந்துகொண்டிருந்த இளைஞர்களின் தலையில் இந்த இடி விழுந்தது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கிளர்ச்சி வெடித்தது. ஜூன் 17இல் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ரயில் பெட்டியைக் கொளுத்துவதை நாம் ஏற்க மாட்டோம். அது மக்கள் சொத்து, ரயில்வே தொழிலாளியின் உழைப்பு. ஆனால் பட்டாளத்தில் சேரத் துடித்த பிள்ளைகளையே தெருவுக்கு விரட்டிய கொள்கையை என்னவென்று சொல்வது?

திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். பதினேழரை வயது முதல் 21 வயது வரை உள்ளவர்கள் சேரலாம் என்று 2022இல் அறிவித்தார்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். பணி நான்கு ஆண்டு. முதலாண்டுச் சம்பளம் மாதம் 30,000. அதில் 9,000 பிடித்தம், கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000. முடிவில் 100க்கு 25 பேர் வரை நிரந்தரம், மற்றவர்கள் வீட்டுக்கு. போகும்போது 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்று பறை அறைகிறார்கள். அதில் 5 லட்சத்து 2 ஆயிரம் அந்தப் பிள்ளையின் சம்பளத்திலிருந்தே பிடித்தது! அரசு போடுவது இன்னொரு 5 லட்சத்து 2 ஆயிரம், மிச்சம் வட்டி. தன் பணத்தையே தனக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு இவ்வளவு ஆரவாரமா?

பென்ஷன் இல்லை. கிராஜுவிட்டி இல்லை. "முன்னாள் படைவீரர்" என்ற தகுதிகூட இல்லை. ஆகவே அவர்களுக்குரிய மருத்துவ வசதியும் கேன்டீனும் இல்லை. பணியில் உயிர் துறந்தால் 48 லட்சம் காப்பீடும், கடமையின்போது நேர்ந்த மரணம் என்றால் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கமான சிப்பாயின் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் இவன் குடும்பத்துக்குக் கிடையாது. ஒரே பதுங்கு குழி, ஒரே குண்டு, இரண்டு விதமான சாவு!

2019 அறிக்கையை இதோடு பொருத்திப் பாருங்கள். ஓய்வுக்கு மூன்று ஆண்டு முன்பே மறுவாழ்வுத் திட்டம் என்றார்களே. நான்கு ஆண்டுச் சிப்பாய்க்கு அது எப்போது தொடங்க வேண்டும்? சேர்ந்த ஓராண்டிலேயே! துப்பாக்கி பிடிக்கக் கற்கும்போதே பெட்டிக் கடைக்கு இடம் பார்க்கச் சொல்கிறார்களா?

முதலாண்டுக்கு அறிவித்த ஆள்சேர்ப்பு 46,000. அதில் நான்கில் மூன்று பங்கு என்றால் 34,500 பேர். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினருக்குக் கெடு முடியும் காலம் 2026 இறுதியும் 2027 தொடக்கமும். துணை இராணுவப் படைகளில் 10 விழுக்காடு இடம் என்று 2022இல் சொன்னார்கள். பிறகு சில இடங்களில் உயர்த்துவதாகவும் சொன்னார்கள். நல்லது. ஆனால் பழைய வாக்கு என்ன ஆயிற்று? மத்திய அரசின் மூன்றாம் நிலைப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 விழுக்காடு இடம் பல காலமாகக் காகிதத்தில் உண்டு. கணக்குத் தந்த துறைகளில் 2021இல் அவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. இருக்கிற ஒதுக்கீட்டையே நிரப்பாதவர்கள் புது ஒதுக்கீட்டை நிரப்புவார்கள் என்று எப்படி நம்புவது?

பணம் இல்லையா?

அரசாங்கத்தின் வாதத்தையும் கேட்போம். படையின் சராசரி வயது 32இலிருந்து 26ஆகக் குறைய வேண்டும். இளம் ரத்தம் வேண்டும் என்கிறார்கள். இளைஞனைச் சேர்ப்பதற்கு யார் தடை சொன்னார்கள்? சேர்த்த இளைஞனை நான்கு ஆண்டில் கைகழுவுவதுதான் குற்றம். திட்டத்தை ஆதரிப்பவர்களின் உண்மையான வாதம் வேறு: பென்ஷன் செலவு ஏறிவிட்டது, ஆயுதம் வாங்கப் பணம் போதவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி. அதில் பென்ஷன் சுமார் 1 லட்சத்து 61 ஆயிரம் கோடி. பெரிய தொகைதான். ஆனால் பணமே இல்லை என்பது உண்மையா?

2019-20 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் கோடி. அதே நிதியாண்டில், 2019 செப்டம்பர் 20 அன்று, கம்பெனிகளின் வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைத்தார்கள். புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 விழுக்காடு. இதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருவாய் போகும் என்று சொன்னது எதிர்க்கட்சி அல்ல, நிதி அமைச்சகமே. அந்த ஆண்டில் நாட்டின் அத்தனை முன்னாள் வீரர்களுக்கும், வீரர்களின் விதவைகளுக்கும் ஒதுக்கிய பென்ஷனைவிட அதிகமான பணம் ஒரே நாள் அறிவிப்பில் முதலாளிகளுக்குப் போயிற்று!

முதலாளிக்கு விட்டுக்கொடுத்தால் அது "ஊக்கம்". சிப்பாய்க்குக் கொடுத்தால் அது "சுமை". அக்கட்சியின் பொருளாதாரக் கொள்கை முழுவதும் இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது.

தொழிற்சாலைக்கும் அதே கதி

சிப்பாய்க்குத் துப்பாக்கியும் குண்டும் உடையும் செய்து கொடுத்தவை 41 அரசுத் தளவாடத் தொழிற்சாலைகள். ஆவடி, திருச்சி, அருவங்காடு முதல் கிர்க்கி, அம்பர்நாத் வரை நம்மவர் வியர்வை சிந்திய இடங்கள். அவற்றைக் கம்பெனியாக்கும் முயற்சியை எதிர்த்து 2019 ஆகஸ்டில் தொழிலாளர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளும் கட்சியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தொழிற்சங்கமும் அந்த எதிர்ப்பில் இருந்தது! பேசிப் பார்ப்போம் என்று சொல்லி வேலைக்கு அனுப்பினார்கள். 2021 ஜூன் 16இல் அமைச்சரவை முடிவெடுத்தது. ஜூன் 30இல் அவசரச் சட்டம் வந்தது: வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை, தூண்டினால் இரண்டாண்டு வரை. அக்டோபர் 1இல் தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைந்து ஏழு கம்பெனிகள் ஆனது. அதற்கு முந்திய ஆண்டுதான், பாதுகாப்புத் தளவாடத் தொழிலில் அந்நிய முதலீட்டின் நேரடி அனுமதி வரம்பை 49 விழுக்காட்டிலிருந்து 74ஆக உயர்த்தியிருந்தார்கள். சுதேசி பேசும் வாய்தான் அந்நியனுக்கு வாசலைத் திறந்தது. உள்ளூர்த் தொழிலாளிக்குச் சிறைக் கதவைக் காட்டியது.

கத்தி எங்கே தொடங்கியது?

இதைப் பட்டாளத்துக்காரர் பிரச்சினை என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடலாகாது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தியது வாஜ்பாய் அரசு. என்னைப்போல் அதன்பின் ரயில்வேயில் சேர்ந்தவர்கள் எல்லாரும் சந்தைப் பென்ஷனில் விழுந்தோம். அப்போது முப்படைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. "சிப்பாயை விட்டுவிட்டார்களே" என்று பலர் ஆறுதல் அடைந்தார்கள். பதினெட்டு ஆண்டு கழித்துக் கத்தி அங்கேயும் போயிற்று. ஒரு வீட்டுக் கூரையைப் பிடுங்கும்போது அடுத்த வீட்டுக்காரன் சும்மா இருந்தால் நடப்பது இதுதான்.

"குறைந்த அரசாங்கம், நிறைந்த நிர்வாகம்" என்பது அவர்கள் 2014இல் எழுப்பிய முழக்கம். குறைந்தது எது? 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் காலிப் பணியிடங்கள் 9 லட்சத்து 79 ஆயிரம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் ரயில்வேயில் மட்டும் 2 லட்சத்து 93 ஆயிரத்துக்கு மேல். குறைந்தது ஏழை வீட்டுப் பிள்ளைக்கான வேலை!

காங்கிரசுக்கு இதில் கை சுத்தம் என்று யாரும் எண்ண வேண்டாம். சந்தைப் பென்ஷனுக்கு 2013இல் சட்ட வடிவம் கொடுத்தது அவர்கள் அரசு; பா.ஜ.க. அதற்குக் கைதூக்கியது. பென்ஷனை வெட்டும்போது மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. 2024 அறிக்கையில் அக்னிபத்தை ஒழிப்போம் என்று காங்கிரஸ் எழுதியது. எழுதியதை மறக்க விடாமல் பிடித்துக்கொள்வது நம் வேலை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அரசு ஊழியர்கள் இருபது ஆண்டு ஓயாமல் கத்தியதால்தான் 2024 ஆகஸ்டில் அரசு ஒரு படி இறங்கியது. 25 ஆண்டு பணி செய்தவருக்குக் கடைசி ஓராண்டுச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன் என்ற திட்டத்தை அறிவித்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தது. நம் சம்பளத்தில் பிடித்தம் இன்னும் தொடர்கிறது. பழைய பென்ஷன் இன்னும் வரவில்லை. ஆனாலும் "முடியவே முடியாது" என்ற சுவரில் விரிசல் விழுந்துவிட்டது.

ஆகவே, ஓட்டுக் கேட்டு நம் குடியிருப்புக்கு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். நான்கு ஆண்டுச் சிப்பாய்க்கு நிரந்தர வேலையும் பென்ஷனும் தருவீர்களா? அதுவரை, பணியில் இறந்தவன் குடும்பத்துக்கு மாதாந்தர ஓய்வூதியமாவது தருவீர்களா? தளவாடத் தொழிற்சாலைகளில் தனியாரை நுழைய விடமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பீர்களா? காலி இடங்களை எந்த மாதத்துக்குள் நிரப்புவீர்கள்?

நம் சங்கத்துக்கு ஆள்சேர்ப்பு விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளைகளை நாம் தடுக்கவில்லை. பசித்தவனிடம் போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அப்பா அம்மாவை உட்கார வைத்து, பிடித்தம் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு, நான்காம் ஆண்டு முடிவில் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவோம். அந்தக் கணக்கைத் தேர்தல் அறிக்கை சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சிப்பாய்க்கு மாலை வேண்டாம். வேலை கொடு, பென்ஷன் கொடு!