மதுரை பெயரில் ஒரு நோய்... துரத்தும் சூடான் சர்ஜன்!

ஒரு முள். ஆரம்பம் அவ்வளவுதான்.

வயலிலோ மேய்ச்சல் காட்டிலோ வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தில் முள் குத்துகிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார். பிறகொரு நாள் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை. இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான். வலித்தால் டாக்டரிடம் ஓடுவோம். வலிக்காத கட்டிக்காக ஒருநாள் கூலியை யார் இழப்பார்கள்?

வருடங்கள் ஓடும். கால் வீங்கும், துளைகள் விழும், சீழோடு சின்னச் சின்ன மணிகள் வெளியேறும். கடைசியில் எலும்பும் அரிக்கப்படும். யானைக்கால் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. பெயர், மைசிடோமா. பழைய பெயர் ‘மதுரா ஃபுட்’.

ஆமாம், நம்ம மதுரையேதான்! 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்த நோயைப் பதிவு செய்தார். ஊர்ப் பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டது. இதை உண்டாக்கும் முக்கியப் பூஞ்சைக்கும் ‘மதுரெல்லா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த நோய் அதிகம் பதிவாகும் நாடுகளில் ஒன்று, ஆப்பிரிக்காவின் சூடான். அந்த நாட்டைச் சேர்ந்தவர்தான் இந்த வார நாயகர். பேராசிரியர் அகமது ஹசன் ஃபஹல், கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர்.

சர்ஜன் என்றால் நோயாளி வருவார், வெட்டுவோம், தைப்போம், அனுப்புவோம் என்று இருந்திருக்கலாம். ஆனால் மைசிடோமா அப்படி விடாது. வெட்டி எடுத்தாலும் மிச்சம் மீதி இருந்தால் திரும்ப முளைக்கும். மறுபடி ஆபரேஷன். முற்றிப்போனால் காலையே எடுக்க வேண்டும். வருகிறவர்களோ பெரும்பாலும் விவசாயிகள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், இளைஞர்கள். கால் போனால் அந்தக் குடும்பத்தின் சோறும் போகும்.

கத்தி மட்டும் போதாது என்று புரிந்துகொண்டார் ஃபஹல். 1991-ல் கார்ட்டூமின் சோபா பல்கலைக்கழக மருத்துவமனையில் மைசிடோமா ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். வெட்டுவதற்கு முன்பே நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூலம் பார்க்கும் முறையைப் பற்றி 1990-களிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல், சென்னார் மாநிலத்தின் வாத் ஒன்சா கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனது அவர் குழு.

அடுத்தது, உலகத்தின் கவனம். ஏழைகளின் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க எந்த கம்பெனி முந்தும்? ஃபஹல் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பலனாக, 2016-ல் உலக சுகாதார நிறுவனம் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானில் உருவான ஃபோஸ்ராவுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை, கார்ட்டூம் மையத்தில் 104 நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். பழைய மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். இதை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். டவுனுக்கு வரவே நாள் கணக்காகும் கிராமத்து மனிதருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

நம்பிக்கை துளிர்த்த நேரத்தில் இடி விழுந்தது. 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆராய்ச்சி மையம் சிதைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த தகவல்களும் நோயாளிகளின் மாதிரிகளும் அழிந்தன. ஆபரேஷன் அறையை மறுபடி கட்டலாம். அந்த மாதிரிகளை எங்கே போய்த் தேடுவது? மருந்து பாதியில் நின்றுபோன நோயாளிகளின் கதி?

ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கட்டியது இடிந்துவிட்டது. ஆனால் மைசிடோமா நோயாளிகளுக்காக எழுதுவதை ஃபஹல் நிறுத்தவில்லை. அவரிடம் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். மைசிடோமா என்றால் என்னவென்று உலகத்துக்கு இன்று தெரியும். குண்டுகளால் அதையெல்லாம் அழிக்க முடியாது.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இந்தியாவிலும் இந்த நோய் இருக்கிறது. வயல் வேலைக்குப் போகும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள். முள் குத்திய இடத்தில் கட்டி வந்தால், ‘வலிக்கலையே’ என்று விடாதீர்கள். வலிக்கவில்லை என்பதற்காகவே காட்ட வேண்டிய கட்டி அது!