தண்ணீர் இல்லை என்று ஒரு பொய்

சென்னையில் மூன்று, நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் 'எவாகுவேஷன்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பாதி ஊர் மூட்டை கட்டி ரயிலேறிய கதை. பாட்டிகள் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்களோ என்று தோன்றும். இல்லை. அந்த மாதம் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ஆம் தேதி திருகோணமலையை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தார்கள்.

அந்த விமானங்களைச் சுமந்து வந்த ஐந்து கப்பல்களில் மூன்றின் பெயர்கள் அகாகி, சோர்யு, ஹிர்யு. சரியாக இரண்டு மாதம் கழித்து மூன்றுமே பசிபிக் கடலின் அடியில் கிடந்தன. எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை. அதில் ஹீரோ துப்பாக்கியையே தொடவில்லை.

ஹவாய்த் தீவுகளில் பேர்ல் ஹார்பர். 1941 டிசம்பரில் ஜப்பான் அடித்து நொறுக்கிய அதே அமெரிக்கக் கடற்படைத் தளம். அங்கே ஒரு நிர்வாகக் கட்டடத்தின் நிலவறையில், ஜன்னல்கூட இல்லாத அறையில், கமாண்டர் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் உட்கார்ந்திருந்தார். ஏ.சி. குளிர் தாங்காமல் யூனிஃபார்முக்கு மேல் வீட்டில் போடும் கோட்டு, காலில் செருப்பு. ஜப்பானியக் கடற்படையின் ரகசிய ரேடியோ செய்திகளை உடைத்துப் படிப்பது அவர் குழுவின் வேலை. ஆள் போதவில்லை. தாக்குதலில் 'கலிஃபோர்னியா' என்ற போர்க்கப்பல் அமிழ்ந்துவிட்டதால் அதன் பேண்டு வாத்தியக்காரர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்து எண்களை அட்டைகளில் துளையிடும் இயந்திரங்களில் உட்கார வைத்தார்கள். பிரமாதமாகச் செய்தார்களாம்!

உடைத்துப் படிப்பது என்றால் முழுவதும் படிப்பது அல்ல. ஒரு செய்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள்தான் தேறும். மீதியை அனுபவத்தை வைத்து ஊகிக்க வேண்டும். அப்படி மே மாதம் தெரிந்த விஷயம்: ஜப்பான் பெரும்படையோடு ஓர் இடத்தைப் பிடிக்கப்போகிறது. இடத்தின் சங்கேதப் பெயர் 'ஏஎஃப்'.

அது மிட்வே என்றார் ரோஷ்ஃபோர்ட். ஹவாய்க்கு வடமேற்கே, நடுக்கடலில், விமான ஓடுபாதையைத் தவிர அதிகம் ஒன்றுமில்லாத குட்டித் தீவுகள். வாஷிங்டனில் இருந்த மேலதிகாரிகள் நம்பவில்லை. வேறு எங்கோ என்றார்கள். அமெரிக்காவிடம் அப்போது பசிபிக்கில் களமிறக்கக்கூடிய விமானந்தாங்கிக் கப்பல்கள் மூன்றே மூன்று. அதிலும் ஒன்று அடிபட்டது. தப்பான இடத்தில் காத்திருந்தால் எல்லாம் போச்சு.

அப்போதுதான் நிலவறையில் ஒரு யோசனை பிறந்தது. மிட்வேயில் குடிநீர் கிடையாது. கடல்நீரைக் காய்ச்சி வடிக்கிறார்கள். ஹவாயிலிருந்து மிட்வேக்குக் கடலடிக் கேபிள் இருந்தது. அதில் போகும் செய்தியை ஜப்பானால் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தக் கேபிள் வழியாக, "குடிநீர் இயந்திரம் கெட்டுவிட்டது, தண்ணீர் இல்லை என்று ரேடியோவில் வெளிப்படையாகப் புலம்புங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். மிட்வே அப்படியே புலம்பியது. இரண்டு நாளில் ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது: ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு.

அட்மிரல் நிமிட்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. அவருடைய உளவுப் பிரிவு அதிகாரி லேட்டன், ஜப்பானியக் கப்பல்கள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் தென்படும் என்று முன்கூட்டியே கணித்துக் கொடுத்தார். கடைசியில் ஐந்து நிமிடம், ஐந்து டிகிரி, ஐந்து மைல் மட்டும்தான் தப்பியது. அடிபட்டுத் திரும்பிய 'யார்க்டவுன்' கப்பலைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். நிமிட்ஸ் மூன்று நாள் கொடுத்தார். 1,400 தொழிலாளர்கள் இரவு பகலாக ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள்.

ஜூன் 4 காலை. நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகள் வந்தன. மேலே சொன்ன மூன்றுடன் காகாவும் ஒன்று. தளபதி நகுமோ. அவருடைய விமானங்கள் மிட்வேயை ஒருமுறை தாக்கிவிட்டு, "இன்னொரு தாக்குதல் தேவை" என்றன. கப்பலைத் தாக்க டார்பிடோவோடு தயாராக இருந்த விமானங்களில் அதைக் கழற்றிவிட்டு, தரையைத் தாக்கும் குண்டுகளை மாட்டச் சொன்னார் நகுமோ. பாதி வேலை முடிந்தபோது, பக்கத்தில் அமெரிக்கக் கப்பல்கள் என்று தகவல். மறுபடி டார்பிடோ மாட்டு என்றார். கல்யாணப் பந்தி போடும் நேரத்தில் இரண்டு தடவை மெனுவை மாற்றிய கதைதான். கழற்றிய குண்டுகளைப் பத்திரமாகக் கீழே இறக்கக்கூட நேரமில்லை.

அமெரிக்கர்களுக்கு மட்டும் எல்லாம் திட்டப்படி நடந்ததா? கிடையாது. மூன்று கப்பல்களிலிருந்தும் 41 டார்பிடோ விமானங்கள் போயின. பழைய, வேகமில்லாத விமானங்கள். துணைக்குப் போக வேண்டிய சண்டை விமானங்களில் பெரும்பாலானவை வழியிலேயே பிரிந்துவிட்டன. 'ஹார்னெட்' கப்பலிலிருந்து போன 15 விமானங்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவற்றில் இருந்த 30 பேரில் பிழைத்தது ஒருவர், ஜார்ஜ் கே. இருக்கை மெத்தைக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டு கடலில் மிதந்தார். 41 விமானங்களும் சேர்ந்து ஒரு கப்பலைக்கூடத் தொடவில்லை. இந்தப் போரைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை. ஆபத்து என்று தெரிந்தே போனவர்கள்.

ஆனால் அந்த ஒரு மணி நேரமும் ஜப்பானியர்களுக்கு மூச்சுவிட இடமில்லை. காவல் விமானங்கள் கடல்மட்டத்துக்குக் கீழிறங்கிவிட்டன. அதே நேரத்தில் மேலே, மெக்ளஸ்கி என்ற விமானத் தலைவர், எதிரியைக் காணாமல், பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தும் திரும்பாமல் தேடிக்கொண்டிருந்தார். கீழே ஒற்றைக் கப்பல் வேகமாக எங்கோ ஓடுவது தெரிந்தது. ஓர் அமெரிக்க நீர்மூழ்கியை விரட்டப் போய், தன் கூட்டத்தோடு சேரத் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய நாசகாரி அது. அதன் திசையிலேயே போனார். மணி சுமார் 10:20. செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானங்கள் மேகத்துக்கு மேலிருந்து இறங்கின. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் தீப்பிடித்து எரிந்தன. கப்பலுக்கு உள்ளே பெட்ரோல் நிரப்பிய விமானங்களும் கழற்றிப் போட்ட குண்டுகளும்தான் அவற்றை எரித்தன. ஹிர்யு மட்டும் தப்பி, யார்க்டவுனைத் தாக்கியது. அன்று மாலையே அதுவும் எரிந்தது. யார்க்டவுன் 7-ஆம் தேதி மூழ்கியது.

ஜப்பான் தரப்பில் மூவாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், அமெரிக்கத் தரப்பில் 307. டோக்கியோ ரேடியோவில் வெற்றிச் செய்தி வாசித்தார்கள். காயம்பட்டு வந்த மாலுமிகளை மருத்துவமனைகளில் யாரும் பார்க்க முடியாதபடி தனியே வைத்தார்கள். நான்கு கப்பலும் போன விஷயம் மக்களுக்குத் தெரியவே கூடாது!

சரி, நிலவறை மனிதர் என்ன ஆனார்?

ரோஷ்ஃபோர்ட்டுக்குப் பதக்கம் தர வேண்டும் என்று நிமிட்ஸ் பரிந்துரைத்தார். வாஷிங்டன் மறுத்தது. அவர் சொன்னது சரி என்றால் தாங்கள் சொன்னது தப்பு என்றாகிவிடுமே! அந்த அக்டோபரிலேயே அவரை ஹவாயிலிருந்து திருப்பி அழைத்தார்கள். பிறகு அவருக்குக் கொடுத்த வேலை, கப்பல்களைப் பழுதுபார்க்கும் மிதக்கும் துறை ஒன்றின் பொறுப்பு. ஜப்பானிய சங்கேதத்தை அவ்வளவு தெரிந்தவருக்கு! ரகசியம் என்பதால் வெளியே சொல்லவும் முடியாது.

1976-ல் அவர் இறந்தார். லேட்டனும் பழைய சகாக்களும் விடாமல் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1986-ல் அதிபர் ரீகன் அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார். ரோஷ்ஃபோர்ட்டின் குடும்பத்தினர் வாங்கிக்கொண்டார்கள்.