பாலுண்ணி அல்ல, நாம் செய்யும் வைத்தியம்தான் ஆபத்து

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் சக ஆசிரியர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

பிள்ளையின் விரலில் ஒரு பாலுண்ணி வந்தால் என்ன செய்கிறோம்? சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைக்கிறோம். சிலர் பட்டரி அசிட், சிலர் பிளேட். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்காருகிறது. சில ஆசிரியர்களே "நீ கடைசி வாங்குக்குப் போ" என்கிறார்கள். பதில் தெரிந்த பிள்ளையும் கையை உயர்த்த வெட்கப்படுகிறது. இது நியாயமா?

பாலுண்ணி அழுக்கு அல்ல, கண்ணூறு அல்ல, கெட்ட இரத்தமும் அல்ல. ஹியூமன் பப்பிலோமா வைரஸ் தோலின் மேல் படையில் உண்டாக்கும் தடிப்பு. இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் வேறு, கைவிரலுக்கு வருபவை வேறு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

அடையாளம் இலகு. மேற்பகுதி சொரசொரப்பாக இருக்கும். தோலின் ரேகைகள் அதன் மேலால் ஓடாமல் விலகிப் போகும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அது "வேர்" அல்ல, அடைபட்ட மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். வேரைத் தோண்டி எடுக்கிறோம் என்று பிளேட் வைப்பவர்கள் இல்லாத ஒன்றைத் தோண்டுகிறார்கள். வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவுகிறது.

"எங்கட மாமா சுண்ணாம்பு வைத்துத்தானே போனது" என்பீர்கள். பிள்ளைகளுக்கு வரும் பாலுண்ணிகளில் பாதிக்கு மேல் 2 வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் கண்டதும் அது போய்விடும். அந்த நேரத்தில் கடைசியாக எதைப் பூசினோமோ, அதற்குத்தான் பெயர் கிடைக்கிறது. சுண்ணாம்பும் அசிட்டும் பாலுண்ணி எது, நல்ல தோல் எது என்று பார்க்காது. பாலுண்ணி போன பிறகும் பொசுங்கிய தழும்பு இருக்கும். அதற்கு மட்டும் எந்த மாமாவும் பொறுப்பேற்பதில்லை.

தொல்லை இல்லையென்றால் விட்டுவிடலாம். வைத்தியம் வேண்டுமென்றால் பாமஸியில் கேட்டு சலிசிலிக் அசிட் மருந்து வாங்குங்கள். இரவில் 5 நிமிடம் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, வெண்மையான மேல் தோலை மெதுவாக உரசி எடுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு வெசலின் பூசி, பாலுண்ணியில் மட்டும் மருந்தை வையுங்கள். தினமும் செய்ய வேண்டும், 12 வாரம் வரை ஆகலாம். 3 நாளில் போகவில்லை என்று அசிட் போத்தலைத் தேடாதீர்கள். புண்ணானால் நிறுத்துங்கள்.

முகத்திலும் மறைவிடத்திலும் இந்த மருந்தைப் பூசவே கூடாது. சீனி வியாதிக்காரர்கள் காலில் தாங்களாகப் பூசக் கூடாது. இவர்களும், இரத்தம் வருகிற, வேகமாக வளர்கிற, இன்னதென்று தெரியாத தடிப்பு உள்ளவர்களும் டொக்டரிடம் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குக் காசு இல்லை. தேவையென்றால் தோல் கிளினிக்கில் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். அதுவும் சில தடவைகள் போக வேண்டி வரலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இது தொட்டுப் பரவும், உண்மைதான். அதற்கு ஒரு பிளாஸ்டர் போதும். துவாயைப் பகிர வேண்டாம், நகம் கடிக்க வேண்டாம், பாலுண்ணியைப் பிய்க்க வேண்டாம் என்று முழு வகுப்புக்கும் சொல்லுங்கள். ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பிச் சொல்லாதீர்கள். கடைசி வாங்குக்கு அனுப்புவது வைரஸைத் தடுப்பதில்லை, பிள்ளையின் வாயைத்தான் அடைக்கிறது.

பாலுண்ணி பெரும்பாலும் 2 வருடத்தில் போகும். ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு சொல் எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.