வாடகைக் கப்பலும் காரைக்காலும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

மேலை நாட்டார் விடுமுறையைக் கழிக்கும் வழிகளுள் ஒன்று, பாய்மர உல்லாசப் படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வெப்ப மண்டலத் தீவுகளைச் சுற்றி வருவது. 'யாட்' என்று அப்படகை அழைக்கின்றனர். பெரும்பாலும் ஒரு வாரக் கணக்கில் பேசுவார்கள். ஓட்டத் தெரிந்தவர் தாமே ஓட்டிச் செல்லலாம். தெரியாதவர் மாலுமி ஒருவரையும் சேர்த்து அமர்த்திக்கொள்ளலாம். உள்ளே படுக்கையறைகள், சமையற்கட்டு, குளியலறை எல்லாம் உண்டு. வாடகை நம் பணத்தில் பல இலட்சம். "பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் அந்தப் படகுகள் கூட்டம் கூட்டமாகப் புறப்படும் தீவுகள் இரண்டின் பெயரைச் சொன்னால், காரைக்காலில் பிறந்தவன் எவனும் அந்தப் பேச்சிலிருந்து எளிதில் விலகிக்கொள்ள முடியாது என்பது என் துணிபு.

அத்தீவுகள் மார்த்தினிக், குவாதலூப். கரீபியக் கடலின் கிழக்கு ஓரத்தில், பிரான்சு நாட்டின் பகுதிகளாக இன்றும் இருப்பவை. மார்த்தினிக்கின் தென்கோடியில் உள்ள லெ மரேன் என்ற ஊரும், குவாதலூப்பின் புவாந்தா பித்ர் துறைமுகமும் வாடகைப் படகுத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கீழைக் காற்று சீராக வீசும். நம் கடற்கரை மீனவர் அதைக் கொண்டல் என்றே சொல்லியிருப்பர்.

அந்தப் புவாந்தா பித்ர் துறையில் 1854ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் 'ஒரேலி' என்ற பாய்க்கப்பல் நங்கூரமிட்டது. உல்லாசத்துக்கு வந்த கப்பல் அன்று அது. தமிழகக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பிடித்துச் சென்ற ஆண்களையும் பெண்களையும் குவாதலூப் மண்ணில் முதன்முதலாக இறக்கிய கப்பல். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் மார்த்தினிக்கிலும் இதே கப்பல் இதே வகைச் சரக்கை இறக்கியிருந்தது. சரக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. 1861ஆம் ஆண்டு ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு கல்கத்தாவிலிருந்தும் ஏற்றினர். 1889இல் கடைசிக் கப்பல் போய்ச் சேரும் வரையில் குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல். மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். எழுத்தறியாதவர்கள் கைநாட்டு வைத்த ஐந்தாண்டு ஒப்பந்தம். காலம் முடிந்தால் திரும்பி வரக் கப்பற்செலவு கொடுக்கப்படும் என்பது அதில் ஒரு விதி. பெரும்பாலோர் திரும்பவில்லை. நோயில் மாண்டவர் பலர். மறு ஒப்பந்தத்தில் சிக்கியவர் பலர். அங்கேயே வேரூன்றியவர் பலர். கப்பலேறிப் போனவன் வீடு திரும்பாத கதை நம் ஊருக்குப் புதிதன்று. புனிதவதியாரை விட்டுக் கலமேறிச் சென்ற பரமதத்தன் கதையை ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் நினைவுகூர்கிறோம். பரமதத்தனாவது தன் விருப்பப்படி கப்பலேறியவன்!

இப்போது இரண்டு பயணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கூலிகளை ஏற்றிச் சென்றதும் ஒப்பந்தம் பேசி அமர்த்திய கப்பல்தான். ஆனால் பேசியவன் வேறு, பயணம் செய்தவன் வேறு. இன்று வாரக் கணக்கில் படகு அமர்த்துபவன் காலையில் எழுந்து, "இன்று எந்தத் தீவுக்குப் போகலாம்?" என்று வரைபடத்தை விரிக்கிறான். காற்று பிடிக்கவில்லை என்றால் திரும்பி விடுகிறான். அலுத்துவிட்டால் நங்கூரம் போட்டுவிட்டு உறங்குகிறான். கடற்பயணத்தில் இன்பம் என்பது பாயிலோ படகிலோ இல்லை. திரும்பி வரும் உரிமையில் இருக்கிறது. அந்த உரிமை இல்லாதபோது அதே நீலக் கடலைத்தான் நம் முன்னோர் 'கருந்தண்ணீர்' என்று அஞ்சினர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே வாடகைக்குப் போகும் படகுகளில் பெரும்பகுதி இரட்டை உடல் கொண்டவை. அவற்றுக்குக் 'கட்டமரான்' என்று பெயர். இது நம் கட்டுமரம் என்ற சொல்லே என்பதை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். சொல் நம்முடையது, உண்மைதான். ஆனால் பொருள் நம்முடையது அன்று. மரத் துண்டுகளை வரிசையாகச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தது நம் கட்டுமரம். இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டத்தால் இணைத்தது பசிபிக் தீவினரின் கலை. வெள்ளையர் பெயரை இங்கே எடுத்து, வடிவத்தை அங்கே எடுத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். இந்தச் சொற்பெருமையிலேயே நின்றுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம். சொல் போன கதையைப் பேசும் வாய், ஆள் போன கதையைப் பேசுவதில்லை.

போன ஆட்களோ தம்மை முற்றிலும் இழந்துவிடவில்லை. குவாதலூப்பில் காப்பெஸ்தேர் என்ற ஊருக்கு அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில், சான்ஷி என்ற இடத்தில் வண்ணச் சிலைகளோடு ஓர் இந்துக் கோயில் நிற்கிறது. மாரியம்மனை 'மாலியேமன்' என்று அழைத்து வழிபடுகின்றனர். அங்குள்ளவர் விரும்பி உண்ணும் 'கொலம்போ' என்ற கறி, நம் குழம்பின் திரிபு என்பர். ராமசாமி, முத்துசாமி, நாகப்பன் ஆகியவை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறிக் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. அதே காப்பெஸ்தேரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். இந்தியர் வழிவந்தோருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதை எதிர்த்து 1904இல் அவர் தொடங்கிய வழக்காட்டம் 1923இல்தான் வெற்றி கண்டது. பத்தொன்பது ஆண்டுகள்! அவர் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? வாடகைப் படகு நிறுவனங்களின் வண்ண விளம்பரங்களிலும் அவர் இல்லை என்பது இருக்கட்டும். அங்கே தென்னையும் வெண்மணலும் போதும். நமக்கும் அவை போதுமா?

நம் காரைக்காலிலும் உல்லாசப் படகுகள் விட்டால் ஊர் செழிக்கும் என்று கூறுவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கரீபியத் தீவுகள் ஒன்றிலிருந்து மற்றொன்று அரை நாள் பாயோட்டத்தில் இருப்பவை. மேற்குக் கரையில் காற்றுக்கு ஒதுங்கும் விரிகுடாக்கள் உண்டு. நம் கரையோ ஒதுங்க இடமில்லாத நேர்க்கோட்டு மணற்கரை. அரசலாற்று முகத்துவாரத்தில் மணல் மேடிடும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றும் புயலும். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே விருந்தாளிகள் இறங்கிக் கூத்தாடாமல் இருப்பதே பவளப் பாறைகளுக்கு நல்லது.

எஞ்சியிருப்பவை யாழ்ப்பாணத்துத் தீவுகள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நல்ல செய்தி. ஆனால் கிளிஞ்சல்மேட்டு மீனவன் அதே நீரில் எல்லை கடந்தால் சிறை. கரீபியத்திலும் தீவுக்கொரு கொடி உண்டு. அங்கே உல்லாசப் படகுக்காரன் மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றி, கரையில் தாளைக் காட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு உலவுகிறான். இழுவை மடியால் தம் கடல் வளம் அழிகிறது என்ற ஈழத்து மீனவரின் முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆயினும் பொழுது போக்குபவனுக்குத் திறக்கும் கடல், பிழைக்கப் போகிறவனுக்கு மூடியிருப்பது என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே நான் கேட்பது படகுத்துறை அன்று. குவாதலூப்பிலிருந்தும் மார்த்தினிக்கிலிருந்தும் தம் பாட்டன் ஊர் எது என்று தேடித் தமிழகம் வருவோர் உண்டு. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கப்பலின் பெயர், ஓர் ஆண்டு, பிரெஞ்சு எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதி வைத்த ஒரு பெயர், அவ்வளவே. அந்தத் தீவுகளின் ஆவணக் காப்பகங்களிலும், பிரான்சில் எக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்திலும் குடியேறியோர் பதிவேடுகள் இருக்கின்றன. திரிந்து கிடக்கும் அந்தப் பெயர்களைப் பார்த்த மாத்திரத்தில், இது வீரப்பன், இது அஞ்சலை, இந்த ஊர் திருமலைராயன்பட்டினம் என்று சொல்லக் கூடியவர் பாரிசில் உள்ள பேராசிரியர் அல்லர். கோட்டுச்சேரியிலிருந்தும் நெடுங்காட்டிலிருந்தும் கல்லூரிக்கு வரும் நாம்தாம். பிரெஞ்சு அறிந்தவர்களும் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு கப்பலின் பட்டியலை வரவழைத்துப் படித்துப் பார்க்கலாம். பெரிய செலவில்லை. பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால், சனிக்கிழமை பிற்பகல்களில் அமர்ந்து பெயர்களைத் தமிழில் எழுதித் தர எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர் ஆயத்தமாக இருக்கிறோம்.