வெறும் கம்பியிலிருந்து தொடங்குவோம்



புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் பொம்மையார்பாளையம். அங்குள்ள கரையில் படகை மணலுக்கு ஏற்றும்போது ஒருவர் தனியே தள்ளுவதில்லை. பல தோள்கள் ஒன்றுசேர்கின்றன. பாரம் சுமக்கும் உழைப்பாளிகள் அறிந்திருக்கும் இந்த எளிய பாடத்தை, உடற்பயிற்சிக்கூடம் செல்லும் நம் பிள்ளைகள் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

"ஜிம்முக்குப் போகிறேன் அத்தா" என்று மகன் கேட்கும்போது நம் இல்லங்களில் இருவகைப் பதில்கள் எழுகின்றன. ஒன்று, படிப்பைக் காரணம் காட்டி மறுப்பது. மற்றொன்று, கட்டணத்தைக் கொடுத்துவிட்டு அத்துடன் மறந்துவிடுவது. இரண்டுமே சரியல்ல என்பது நம் கருத்து.

பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையானவர் அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. அவ்வலிமை முதன்மையாக ஈமானின் வலிமையே என்று அறிஞர்கள் விளக்கினாலும், உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிகளாரின் போதனையே. ஆகவே பயிற்சியைத் தடுக்க நியாயமில்லை. கற்றுக்கொள்ளாமல் எடை தூக்குவதற்கும் நியாயமில்லை.

மார்பு வலிமைக்கு நம் முன்னோர் தண்டால் எடுத்தனர். இன்றைய இளைஞர்கள் நாடுவது பெஞ்ச் பிரஸ். இரண்டுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தண்டாலில் கை சோர்ந்தால் தரையில் படுத்துவிடலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் கை சோர்ந்தால், முழு எடையும் மார்பின்மீதோ கழுத்தின்மீதோ இறங்கும். எனவேதான் அடிப்படையை வலியுறுத்துகிறோம்.

வழக்கமான நீளக் கம்பியே 20 கிலோ எடையுள்ளது. புதியவருக்கு முதல் சில வாரங்களுக்கு அதுவே போதும். அதுவும் கடினமெனில் தண்டாலிலிருந்து தொடங்கலாம். கண்களுக்கு நேர் மேலே கம்பி இருக்குமாறு படுக்க வேண்டும். இரு பாதங்களும் தரையில் அழுந்தி நிற்கட்டும். தோள்பட்டை எலும்புகள் பின்னோக்கி ஒடுங்கட்டும். தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாகப் பிடித்து, கட்டைவிரலால் கம்பியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு வளையக் கூடாது. மூச்சை இழுத்தவாறு மார்பின் நடுப்பகுதிக்கு மெதுவாக இறக்கி, மூச்சை விட்டவாறு மேலே தள்ள வேண்டும். முழங்கைகள் பக்கவாட்டில் முற்றிலும் விரியாமல் சற்று உடலை நோக்கியே இருப்பது தோள்மூட்டைக் காக்கும்.

எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள், வாரத்திற்கு இருநாள் என்பது தொடக்கத்திற்குப் போதுமானது. எல்லாச் சுற்றுகளும் பிசகின்றி முடிந்த பின்னரே இரண்டரை கிலோ கூட்டலாம். தோளிலோ மார்பிலோ வலி எழுந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

இப்பயிற்சியில் கட்டுப்பாடே முதன்மை என்பதற்குச் சகோதரி சகினா காத்தூன் ஒரு சான்று. மேற்கு வங்கத்தில் பிறந்து, சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட அவர், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 கிலோ எடைப்பிரிவில் 93 கிலோ தூக்கி ஐந்தாம் இடம் பெற்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான பளுதூக்கும் அப்போட்டியில் பெஞ்ச் பிரஸ் மட்டுமே உண்டு. கம்பியை மார்பில் அசைவின்றி நிறுத்தி, இரு கைகளாலும் சமமாக உயர்த்தினால்தான் நடுவர்கள் ஏற்பர். எடை எவ்வளவு பெரிதாயினும் தடுமாறித் தூக்கியது கணக்கில் சேராது. உலக அரங்கின் இவ்விதியை நம் பிள்ளைகளும் தமக்கு வைத்துக்கொள்ளட்டும்.

நண்பர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவோ, கைப்பேசியில் பதிவாகிறது என்பதற்காகவோ தகுதிக்கு மீறிய எடையை ஏற்றுவது முகஸ்துதியின் வாசல். அது உள்ளத்திற்கும் கேடு, உடலுக்கும் கேடு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் உள்ளது. தலைமாட்டில் ஒரு துணையாளை நிறுத்துவதும், இருபுறமும் பாதுகாப்புத் தாங்கிகளைப் பொருத்துவதும் பெஞ்ச் பிரஸ்ஸில் ஒட்டகத்தைக் கட்டுவதாகும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் தனியே எடை ஏற்றாமல் இருப்பதே அறிவுடைமை.

பெற்றோரே! மகன் சேரும் கூடத்திற்கு ஒருமுறை நேரில் செல்லுங்கள். கற்றுத்தர ஆள் இருக்கிறாரா, தூக்கும்போது துணை நிற்கிறார்களா என்று பாருங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதை வலுவாக்குவது நன்று. அவசரத்தால் உடைத்துவிடாமல் காப்பது அதனினும் நன்று. நம் பிள்ளைகளுக்கு நலமும் நிதானமும் அருள அல்லாஹ் போதுமானவன்.