இரண்டு தவணை பாக்கி

எங்கள் பாலசமுத்திரத்தில் சாயங்காலமானால் வேலை இல்லாதவர்களும், இருக்கிற வேலை பிடிக்காதவர்களும் ஒதுங்குகிற இடம் அகோபில வரதராஜப் பெருமாள் கோயில் வாசல். போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் வசூல் பிரிவு. அன்றைக்குத்தான் இரண்டு தவணை பாக்கிக்காக ஒரு வீட்டிலிருந்து டூவீலரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

'அந்த வீட்டுக் குழந்தை எனக்கு டாட்டா காட்டுச்சுண்ணே' என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'இந்த வேலை பார்த்து எவனாச்சும் பேர் எடுத்திருக்கானாண்ணே?'

'ஒருத்தர் இருக்கார். கருணாகரத் தொண்டைமான்.'

'எந்த பிராஞ்ச்?'

'சோழ ராஜ்யம்.'

முறைத்தான். சொன்னேன்.

1110 வாக்கில் முதலாம் குலோத்துங்கன் காஞ்சிபுரத்தில் கொலுவிருக்கிறான். சிற்றரசர்கள் வரிசையாகத் திறை கட்டுகிறார்கள். 'யாராவது பாக்கியா?' என்று கேட்கிறான் ராஜா. வடகலிங்கத்து அனந்தவர்மன் இரண்டு தவணை கட்டவில்லை என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், படை கிளம்பிவிட்டது! ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி சொல்கிற காரணம் இதுதான். தமிழ் வாத்தியார்கள் இதை வீரம் என்பார்கள். பி.காம். படித்த என் கண்ணுக்கு ஜப்தி நடவடிக்கையாகத்தான் தெரிகிறது. இத்தனைக்கும் அந்த ராஜாவுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். கலிங்க ராஜாவோ அந்நியனல்ல. சோழ வீட்டுப் பெண்ணின் பிள்ளை. பெயரே சோடகங்கன். கடன் என்று வந்துவிட்டால் சொந்தமாவது பந்தமாவது!

வசூலுக்குப் போனவர்தான் நம்ம கருணாகரன். திருநறையூர்ப் பக்கம் வண்டாழஞ்சேரிக்கு உடையவர். பாலாற்றில் ஆரம்பித்து கிருஷ்ணா, கோதாவரி என்று ஆறு ஆறாகத் தாண்டிப் போய் கலிங்கத்தை அடித்து நொறுக்கினார். அனந்தவர்மன் ஓடி ஒளிந்தான் என்கிறது பாட்டு. போர்க்களத்தில் ஆயிரம் யானையைக் கொன்றால்தான் பரணி பாடலாம் என்று ஒரு ரூல் உண்டு. பாடினார்கள். ஆனால் பாட்டுடைத் தலைவன் யார்? குலோத்துங்கன். ஃபீல்டில் வெயிலில் நின்றது ஒருத்தர், போட்டோ மட்டும் மானேஜிங் டைரக்டருக்கு.

'இது எங்க ஆபீஸ் கதைண்ணே' என்றான் பையன்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஐரோப்பாவில் பிரபுக்கள் சிலுவைப் போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அது சாமிக்காக. ஆனால் கணக்கு அங்கேயும் வந்துவிடுகிறது. நார்மண்டி பிரபு ராபர்ட், வழிச்செலவுக்காகத் தன் நாட்டையே 10,000 மார்க் வெள்ளிக்கு அடமானம் வைத்துவிட்டு 1096இல் புறப்பட்டார். வாங்கிக்கொண்டது கூடப்பிறந்த தம்பி. 1099இல் ஜெருசலேம் விழுந்தது. ஜெயித்துத் திரும்பிய ராபர்ட்டை 1106இல் இன்னொரு தம்பி போரில் பிடித்துச் சிறையில் போட்டான். 28 வருஷம் கழித்து அங்கேயே செத்தார்.

நம்மவர் கதை அப்படியில்லை என்றாலும், ஜெயித்ததில் என்ன மிச்சம் என்று பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. ஓடி ஒளிந்த அனந்தவர்மன் அப்புறம் முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஜம்மென்று ராஜ்யபாரம் பண்ணினான். பூரி ஜகந்நாதர் கோயிலை இப்போதுள்ள அளவில் கட்ட ஆரம்பித்தவன் அவன்தான். பரணியிலோ கடைசி விருந்து பேய்களுக்கு. செத்தவர்களின் பல்லை அரிசியாக்கிக் கூழ் காய்ச்சுகின்றன. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம்.

'அப்ப அவருக்குன்னு ஒண்ணுமே இல்லையா?'

இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒரு கல்வெட்டு. குலோத்துங்கனின் 43ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1113 வாக்கில், அங்கே ஒரு நந்தா விளக்கு எரிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கொடுத்தது கருணாகரன் அல்ல. அவர் மனைவி அழகிய மணவாளனி மண்டையாழ்வார். கணவரின் ஊரும் பேரும் அந்த அம்மாள் விளக்குக்குக் கொடுத்ததால் கல்லில் ஏறியிருக்கின்றன. ஆனைக்கணக்கு எதுவும் அதில் இல்லை. அந்தக் காலத்தில் விளக்கு நெய்க்காகக் கோயிலுக்கு விடுகிற ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாது, கிழடாகாது, எண்ணிக்கை குறையாமல் மேய்ப்பவன் பார்த்துக்கொள்ள வேண்டும். தேய்மானமே போட வேண்டாத இப்படியொரு சொத்தை எந்த காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

'அந்தம்மா பேரை இன்னொருக்கா சொல்லுங்கண்ணே.'

சொன்னேன். அதற்குள் அவன் செல்போன் அடித்தது. 'சரிங்க சார்... காலைல போயிடறேன் சார்' என்று வைத்தான்.

'நாளைக்கு ஆயக்குடியாம்ணே. மூணு தவணை.'

கோயிலில் மணி அடித்தார்கள். செருப்பை என் பக்கத்தில் கழற்றிவிட்டு, 'பாத்துக்கங்கண்ணே' என்று உள்ளே போனான்.