ஏரிக்கரையிலிருந்து வந்த கேள்வி



பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருத்தியின் கடிதம் சென்ற மாதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கம் நம் இதழின் சிறுகதைகளைப் பற்றி. மிச்ச அரைப் பக்கத்தில் ஒரு கேள்வி. பனியில் சறுக்கிக்கொண்டே வந்து துப்பாக்கி சுடும் விளையாட்டை அண்ணனின் செல்போனில் பார்த்தாளாம். நார்வேக்காரர் ஒருவர் தங்கத்துக்கு மேல் தங்கமாக வாங்கியிருக்கிறாராம். "எங்க ஊர்ல இருக்கறது தண்ணியும் காத்தும்தான் ஐயா. அத வச்சு நம்ம பக்கத்துலேர்ந்து யாராவது இந்த மாதிரி போயிருக்காங்களா?"

போயிருக்கிறார்கள் அம்மா. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

நீ பார்த்த விளையாட்டின் பெயர் பயத்லான். அந்த நார்வேக்காரர் ஓலே ஐனார் பியோர்ண்டாலனாக இருக்கலாம். 1974-ல் பிறந்தவர், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1994 முதல் 2014 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு பல பதக்கங்கள் வாங்கினார். அவற்றில் எட்டு தங்கம். 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் ஆண்களுக்கு இருந்த நான்கு பயத்லான் தங்கங்களையும் அவரே கொண்டுபோனார். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 2014 சோச்சி. அப்போது அவருக்கு வயது 40. பத்து கிலோமீட்டர் ஓட்டம், நடுவில் இரண்டு முறை சுட வேண்டும். படுத்து ஐந்து குண்டு, நின்று ஐந்து குண்டு. இலக்கு 50 மீட்டருக்கு அப்பால். படுத்துச் சுடும்போது 4.5 சென்டிமீட்டர் வட்டம், நின்று சுடும்போது 11.5 சென்டிமீட்டர். மலையேறி வந்த நெஞ்சு திம் திம் என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த அடிப்புக்கு நடுவே மூச்சைப் பிடித்து விசையை அழுத்த வேண்டும். ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். சோச்சியில் பியோர்ண்டாலனுக்கு ஒரு குண்டு தவறியது. சுற்றை ஓடி முடித்து, இழந்த நேரத்தையும் ஈடுகட்டி, 1.3 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நாலு வருஷம் கழித்து அடுத்த ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இதயத் துடிப்பில் கோளாறும் தெரியவர, 2018-ல் விளையாட்டை விட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் பதக்கக் கணக்குக்குப் பின்னால் இருக்கிறது. பனிச்சறுக்கு நார்வேயில் பணக்காரப் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. பனி மூடிய ஊரில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக அதுதான் வழி. வேட்டைக்குப் போனவர் அதில்தான் போனார், எல்லைக் காவலரும் அதில்தான் போனார். 1767-லேயே நார்வே, சுவீடன் எல்லைக் காவற்படையினர் சறுக்கியும் சுட்டும் போட்டி போட்டிருக்கிறார்கள். பிழைப்புக்குக் கற்ற வித்தையை அந்த ஊர்க்காரர்கள் விளையாட்டாக்கினார்கள், பிள்ளைகளுக்குக் கிராமந்தோறும் சங்கம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பியோர்ண்டாலன் அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்.

பழவேற்காட்டுக்கு அந்த வித்தை இல்லையா? சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடந்தாலும், கடலோடு சேரும் தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று கரையோரக் குப்பங்களில் 'பாடு' முறை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. அதிகாரி யாரும் எழுதித் தராத சட்டம். ஆனாலும் ஊர் மீறாது. அந்தக் கரையில் வளரும் பிள்ளைக்கு வாடை எது, கொண்டல் எது, கச்சான் எப்போது திரும்பும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் தண்ணீர் திட்டாகக் கறுத்துச் சிலிர்த்தால் அங்கே காற்று விழுகிறது, சற்று நேரத்தில் நம் படகுக்கு வந்து சேரும் என்று பத்து வயதுப் பையன் சொல்லுவான். ஒலிம்பிக் பாய்மரப் படகு வீரர்கள் வெளிநாட்டுப் பயிற்சியாளரிடம் வருஷக்கணக்கில் கற்பதில் முக்கியமான பாடம் இதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நேத்ரா குமணன். சென்னைப் பெண், 1997-ல் பிறந்தவர். சிறு வயதில் பரதநாட்டியம், டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள் என்று எதையெதையோ தொட்டுப் பார்த்தவர். 2009 கோடை விடுமுறையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய முகாமுக்குப் போனார். சென்னைத் துறைமுகத்துக்குள் நடக்கும் முகாம் அது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே வங்கக் கடல். அன்று ஏறியவர் இறங்கவில்லை. 2014-ல் பதினேழு வயதில் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் ஏழாம் இடம். 2018 ஜகார்த்தாவில் ஐந்தாம் இடம். பிறகு ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவுக்குப் போய் ஹங்கேரிப் பயிற்சியாளர் ஒருவரிடம் பயின்றார். 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம். பாய்மரப் படகு உலகக் கோப்பையில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அவர் ஓட்டும் படகைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நாலேகால் மீட்டர் நீளம், அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, ஒரே பாய், ஒரே ஆள். எல்லோருக்கும் ஒரே அளவுப் படகு என்பதால் ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுபவரின் கையில்தான். காற்று பலமாக அடித்தால் படகு ஒரு பக்கம் சாயும். சாயாமல் நிறுத்த, படகின் நடுவில் இருக்கும் பட்டையில் பாதங்களைக் கோத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் வெளியே தண்ணீருக்கு மேல் நீட்டிப் படுத்த மாதிரி தொங்க வேண்டும். தொடை நெருப்பாக எரியும். ஒரு கையில் பாய்க்கயிறு, இன்னொரு கையில் சுக்கான். கண் தண்ணீரின் கறுப்புத் திட்டுகளைத் தேட வேண்டும், மூளை மற்ற நாற்பது படகுகளும் எங்கே போகின்றன என்று கணக்குப் போட வேண்டும். ஓடி வந்த மூச்சோடு குறி பார்க்கும் நார்வேக்காரரின் நிலைதான் இங்கேயும். உடம்பு கதறும்போது புத்தி நிதானமாக இருக்க வேண்டும். அதுவும் ஒரு நாளோடு முடிவதில்லை. பல நாள், பல ஓட்டம். முதலாவதாக வந்தால் ஒரு புள்ளி, பத்தாவதாக வந்தால் பத்துப் புள்ளி. குறைந்த புள்ளிக்காரருக்கே பதக்கம்.

2021 ஏப்ரலில் ஓமன் நாட்டின் முசன்னாவில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிப் போட்டி. அங்கே நேத்ராவுக்கு நெருங்கிய போட்டியாக இருந்தவர் இன்னொரு தமிழ்ப் பெண், ரம்யா சரவணன். நேத்ரா முந்தினார். அதுவரை ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குப் போன இந்தியர் எல்லோரும் ஆண்கள். முதல் பெண்ணாக அவர் டோக்கியோ போனார். ரம்யாவின் சகோதரர் விஷ்ணு சரவணனும் அதே டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார், சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் இருவர் படகுப் பிரிவில் தகுதி பெற்றார்கள். இந்தியாவிலிருந்து போன நான்கு பாய்மர வீரர்களும் தமிழ்நாட்டோடு வேர் உள்ளவர்கள். இந்தச் செய்தியை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டோக்கியோவில் நேத்ரா 35-ஆவது இடம். பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கடைசி வாய்ப்புப் போட்டியில் இடம் பிடித்து, 2024-ல் மார்செய் கடலில் 21-ஆவது இடம். பதக்கம் இல்லையே என்று யாராவது சொல்லலாம். மூன்று வருஷத்தில் பதினான்கு படி ஏறுவது, அதுவும் பிறந்த நாள் முதல் படகில் வளரும் ஐரோப்பியப் பெண்களுக்கு நடுவில், எளிய காரியம் இல்லை. நான் அவரை முழு மனதோடு சாம்பியன் என்றே சொல்வேன்.

சரி, இவர்கள் நகரத்துப் பிள்ளைகள், ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகள், குப்பத்துப் பெண்ணுக்கு இது எட்டுமா என்று நீ கேட்கலாம். அதற்கு நேஹா தாக்கூரைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். கடலே இல்லாத மாநிலம். போபால் ஏரியில் நடக்கும் பாய்மரப் பள்ளியில் கற்றார். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் பதினேழு வயதில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒரு ஏரி, கொஞ்சம் படகு, சொல்லிக்கொடுக்க ஆள், போட்டிக்கு அனுப்ப ஓர் அரசு. இவ்வளவுதான் அங்கே இருந்தது.

மீனவக் குப்பத்திலிருந்தே உதாரணம் வேண்டுமா? சென்னைக்குத் தெற்கே கோவளம் இருக்கிறது. அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானே அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2012-ல் அது பள்ளியாகவே ஆனது. அந்தக் குப்பத்துப் பிள்ளை சேகர் பச்சை, பலகையில் நின்று துடுப்புப் போடும் போட்டியில் தேசியச் சாம்பியனானார். ஊரில் ஒருவர் வழி திறந்தார், பிள்ளைகள் அதில் நடந்தார்கள்.

பழவேற்காட்டில் அந்த வழி எளிதில் திறக்கும் என்று நான் பசப்ப மாட்டேன். முகத்துவாரம் தூர்ந்து போவதும், எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும், குறைந்துவரும் இறாலும் ஊரின் அன்றாடக் கவலை. வயிற்றுப்பாடு இப்படி இருக்கும்போது விளையாட்டு எதற்கு என்று ஒரு தகப்பன் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் மீது பயமும் இருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரிமுகத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அவர்கள் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கவில்லை. பறவைகள் சரணாலயம் என்பதால் இஷ்டத்துக்குப் படகு விடவும் கூடாது. பாடு விழும் இடத்தில் விளையாட்டுப் படகு குறுக்கே போனால் சண்டைதான் வரும். ஏரி பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. படகின் அடிப்பலகை சேற்றில் மாட்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. முகத்துவாரத்துப் பக்கம் ஆழம் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து பேசினால், பாடு இல்லாத இடம் எது, வேளை எது என்று அவர்களே கோடு போட்டுத் தருவார்கள். அந்த ஞானம் அவர்களிடம்தான் இருக்கிறது. பாய்மரப் படகுக்கு டீசல் வேண்டாம், இரைச்சல் கிடையாது. வனத்துறை சொல்லும் எல்லைக்குள் ஓடினால் பூநாரைக்கும் தொந்தரவு இல்லை. சிறு பிள்ளைகள் கற்கும் ஆப்டிமிஸ்ட் படகு இரண்டரை மீட்டர்கூட இல்லை. நேத்ராவும் அதில்தான் தொடங்கினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடு உரிமை வழிவழியாக ஆண்களுக்கே. பெண்கள் மீனைக் கரையில் வாங்கித் தலையில் சுமந்து விற்பார்கள். இருளர் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிப்பார்கள். ஏரியை அறிந்த பெண்கள்தான் எல்லோரும். ஆனால் சுக்கான் மகனுக்குத்தான் போகும். அந்தக் கரையிலிருந்து ஒரு பெண் பிள்ளை, 'நம்ம பக்கத்துலேர்ந்து யாராவது போயிருக்காங்களா' என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரிகிறது.

ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர்விளையாட்டு அகாடமி என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன். அதன் சின்னக் கிளை ஒன்று வடக்கு முனையில், பழவேற்காட்டில் வர வேண்டும். மே மாத விடுமுறையில் நாலு ஆப்டிமிஸ்ட் படகு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நீச்சல் சோதனை, ஊர் மூத்தவர் ஒருவரும் பயிற்சியாளர் ஒருவரும் கூட இருந்தால் போதும். அரசு விளையாட்டு ஆணையமும் பாய்மரச் சங்கமும் மனது வைத்தால் அடுத்த கோடைக்கே முடியும்.

கடற்படையிலும் ராணுவத்திலும் பாய்மரம் ஓட்டி ஓய்வு பெற்ற வாசகர்கள் நம்மிடையே நிச்சயம் இருப்பீர்கள். வருஷத்தில் ஒரு வாரம் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்குத் தர முடியுமானால் எனக்கு எழுதுங்கள். பழைய படகோ, பாயோ, உயிர்காப்பு அங்கியோ தரக்கூடியவர்களும் எழுதுங்கள். குப்பத்துப் பெற்றோர்களே, உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படகும் இறங்காது. உங்கள் சந்தேகங்களையும் எழுதி அனுப்புங்கள். உறையின் மேல் 'பழவேற்காடு' என்று மட்டும் குறிப்பிடுங்கள், நானே பிரித்துப் படிக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்